மாப்பிள்ளைக்கு ஒரு ஜன்னல் சீட்டு

கொளச்சல் பக்கம்,
11.11.2013, திங்கள் காலை.

அன்பும் மதிப்பும் மிக்க மருமகன் அனிஷ் அவர்களுக்கு மாமனார் மத்தியாஸ் எழுதிக்கொள்வது. இயேசுவுக்கே புகழ். இங்கு நான், உங்கள் மாமி ரீத்தா, உங்கள் மனைவி ஜெனிலா, அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளை எல்லாரும் சுகம். தாங்களும் சுகம்தானா என்று கேட்க ஆசைதான். ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து உங்கள் போன் அணைந்து கிடப்பதால், சுகமாகவும் இருக்கிறீர்கள், எங்கள்மேல் கோபமாகவும் இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் உங்களிடம் பேச எனக்கு வாய் வருவதில்லை மாப்பிள்ளை. நான் ஒன்று சொன்னால் ரீத்தா பக்கத்தில் நின்று கையைக் காட்டி அதை மாற்றச் சொல்கிறாள். அவளைப் பார்ப்பதற்குள் ஜெனிலா போனை வாங்கிவிடுகிறாள். மிச்சம் இருப்பது "சாப்பிட்டியளா", "சாப்பிட்டேன் மாமா" இரண்டும்தான். கல்யாணம் முடிந்து ஒரு வருஷமாக நாம் இருவரும் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆகையால் நேற்று நடந்த அநியாயத்தை எழுத்தில் ஒப்புக்கொள்வதே மரியாதை என்று காலையில் ஐஸ் கடையைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் வேலையை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் கம்பெனி சென்னையில் ஒரு பஸ்காரருக்கு டிக்கெட் எடுக்கும் வெப்சைட் செய்துகொடுக்கிறது. கிறிஸ்துமஸ் டிக்கெட் திறக்கும் அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அதில் வந்து விழும். விழுந்தால் தாங்குமா என்று முன்கூட்டியே பார்ப்பது தங்கள் பொறுப்பு. இதற்காக மெஷினே ஆயிரம் ஆட்களைப் போல வேஷம் போட்டு டிக்கெட் எடுத்துப் பார்க்கிறது. ஆனால் அந்தப் பொய் ஆட்கள் பேரைத் தப்பாக எழுதமாட்டார்கள், யோசிக்கமாட்டார்கள், பாதியில் சாயா குடிக்கப் போகமாட்டார்கள், பொறுமை கெட்டுப் பட்டனைப் போட்டுக் குத்தமாட்டார்கள். ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சீட்டை எடுத்துக்கொண்டு அடங்கி ஒடுங்கிப் போய்விடுவார்கள். நிஜ மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்து, அதை அந்தப் பொய் ஆட்களுக்குப் படிப்பிக்க வேண்டும் என்றுதான் நீங்கள் போன மாதம் என்னைக் கூப்பிட்டீர்கள். "மாமா, உங்க ஊர்ல கொஞ்சம் பேரச் சேத்து டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க. நெஜ பஸ் இல்ல, ஒத்திகைதான். யாருக்கும் ஒண்ணும் சொல்லிக்குடுக்க வேண்டாம், அவங்க பாட்டுக்கு எடுக்கட்டும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு போன் வழக்கம்போல ஜெனிலாவிடம் போயிற்று. நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை, ஆனால் அடுக்களைக்கும் அவள் அறைக்கும் நடுவே கதவு கிடையாது. டெஸ்ட் நல்லபடியாக முடிந்தால்தான் லீவு, லீவு கிடைத்தால்தான் பிரசவத்துக்கு வர முடியும் என்று நீங்கள் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னாள். போனை வைத்த பிறகு ரீத்தாவிடம், "அம்மா, எனக்குப் பயமா இருக்கு. அவரு பக்கத்துல இல்லாம நான் ஆஸ்பத்திரிக்குள்ள போவமாட்டேன்" என்று அழுதாள். மாப்பிள்ளை, சின்ன வயதில் ஊசி போடப் போகும்போதுகூட அழாத பிள்ளை அவள். அந்த நிமிஷமே நான் தீர்மானித்துவிட்டேன், வானமே இடிந்து விழுந்தாலும் உங்கள் டெஸ்ட் நல்லபடியாக முடிய வேண்டும் என்று. அங்கேதான் எல்லாம் கெட்டது.

சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று தாங்கள் சொன்னது ஓர்மையில் இருந்தது. ஆனால் எங்கள் கடற்கரையில் மாப்பிள்ளை சொல்லும் "வேண்டாம்" என்பதை எந்த மாமனார் காதில் வாங்கியிருக்கிறான்? மாப்பிள்ளை "போதும்" என்றால் இன்னொரு துண்டு மீன் வைக்க வேண்டும். "வயிறு நெறஞ்சிட்டு மாமி" என்றால் சோற்றுப் பானையையே கொண்டுவர வேண்டும். சொன்னபடியே நிறுத்தினால், அந்த வீட்டில் மாப்பிள்ளையைப் பட்டினி போட்டார்கள் என்று பேச்சு வரும். ஆகையால் நீங்கள் சொன்னதன் அர்த்தம், மாமாவுக்கு எதற்குச் சிரமம் என்பதுதான் என்று எடுத்துக்கொண்டேன். நானோ நம் பங்குத் திருவிழாவில் தேர்ப்பவனியை ஒழுங்குபடுத்துகிற ஆள். ஒரு குடை முந்தினாலும் ஒரு கொடி பிந்தினாலும் எனக்கு ராத்திரி உறக்கம் வராது.

பங்குச் சாமியாரிடம் சொல்லி, பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்த கையோடு உங்கள் டெஸ்ட்டையும் வாசிக்க வைத்தேன். தடை ஏதேனும் அறிந்தவர்கள் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற வாக்கியமும் அந்தப் பழக்கத்தில் அவர் வாயில் வந்துவிட்டது. யாரும் தடை சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே எல்லாரையும் பங்கு மண்டபத்தில் கூட்டினேன். பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்கள் வந்தன, பிரவுசிங் சென்டர் ரசலையன் தன்னுடைய கம்ப்யூட்டர்களையே வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். மீன் விற்கிற அக்காமார் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு, மெஷினுக்கு நாற்றம் பிடிக்காது என்று பவுடரும் பூசிக்கொண்டு வந்தார்கள். நான் மேடையில் ஏறி, "கேளுங்கோ. ஒரு பட்டன ஒரு தடவதான் அமத்தணும். அது யோசிச்சிட்டு இருந்தா நீங்களும் சும்மா இருக்கணும். எனக்க மருமவனுக்க மெஷினாக்கும், கைநகம் படப்பிடாது" என்று விளக்கினேன். கடற்கரையில் மீன் ஏலம் போடுகிற ததேயுஸை உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் மைக் இல்லாமலே பேசியவர். அவர் எழுந்து, "ஓய் மத்தியாஸ், இந்த பஸ் எங்க போவுது?" என்று கேட்டார்.

"எங்கயும் போவல்ல. ஒத்திகை."

"எங்கயும் போவாத பஸ்ஸுக்கு என்னத்துக்கு ஓய் இவ்வளவு சீட்டு?"

"கிறிஸ்துமசுக்கு நெஜ பஸ் போவணும்னா, இப்பம் இது போவாம இருக்கணும்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினார்.

மறுநாள் பூசை முடிந்ததும் டெஸ்ட். நற்கருணை வாங்கப் போகிற அதே ஒழுங்கில், முன்பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக. ததேயுஸ் ஏலக்குரலில் "அமத்து!" என்று சொன்ன பிறகு ஒருவர் அமர்த்துவார். அவருக்கு டிக்கெட் வந்து, அதை அவர் எல்லாருக்கும் காட்டி, கைதட்டி முடிந்த பிறகுதான் அடுத்தவர். சிலர் அமர்த்துவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நல்ல சீட்டை மற்றவருக்கு விட வேண்டும், நாம் கிறிஸ்தவர்கள் என்று நான் முதல்நாளே சொல்லியிருந்ததால் எல்லாரும் ஜன்னலைத் தொடாமல் கடைசி வரிசையிலிருந்து எடுத்தார்கள். ஒரு சத்தம் இல்லை, ஒரு பிழை இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு ஒழுங்கான தேர்ப்பவனி நான் நடத்தியதில்லை மாப்பிள்ளை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டீர்கள். "மாமா, டெஸ்ட் எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒரே ஒரு சந்தேகம். ஜன்னல் சீட்டு பூரா காலியா கெடக்கே?"

"அது நீங்க வரும்போ இருக்கட்டும்னு விட்டுட்டாவ மாப்ள" என்றேன், சட்டென்று வாயில் வந்ததை.

நீங்கள் மெதுவாக, "கிறிஸ்துமஸ் டிக்கெட் எடுக்கவங்க இவ்வளவு நல்லவங்களா இருக்கமாட்டாங்க மாமா. அடுத்த வாரம் கொஞ்சம் முட்டி மோதச் சொல்லுங்க. ஒடஞ்சாலும் பரவாயில்ல" என்றீர்கள். இதையும் நான் மரியாதைக் கணக்கில்தான் சேர்த்தேன். சொந்தமாகச் செய்த பொருளை உடைத்துப் போடு என்று எந்த மனிதன் மனதாரச் சொல்லுவான்? ஆனாலும் மாப்பிள்ளை கேட்டுவிட்டாரே என்று அடுத்த ஞாயிறு எல்லாரையும் முட்டி மோதச் சொன்னேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானே தொடங்கிவைத்தேன், ரசலையனைப் பார்த்து "ஏலே, எனக்க சீட்ட விடுலே" என்று கத்தினேன். அவ்வளவுதான், மண்டபம் பெகளமாகிவிட்டது. ததேயுஸ் லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. சொல்லி முடித்து என் பக்கம் திரும்பி, "போதுமா?" என்று பவ்வியமாகக் கேட்டார். ரசலையன் பயணியின் பெயர் என்ற இடத்தில் 'கோபக்காரன்' என்று எழுதினான். ஆனால் வாய்தான் சண்டை போட்டதே தவிர விரல் போடவில்லை. கத்திக்கொண்டே ஒவ்வொருவரும் முறை பார்த்து, ஒரே ஒரு தடவை, பூப்போல அமர்த்தினார்கள். சென்னையில் இருக்கிற உங்களுக்கு இங்கே வாய் போட்ட சத்தமா கேட்கும்? "போன வாரம் மாதிரியே இருக்கே மாமா. சரி, அந்த சைட் தொறந்துதான் கெடக்கும். அடுத்த ஞாயிறும் நான் ஆபீஸ்ல இருந்து பாக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். உங்கள் குரல் சோர்ந்திருந்தது. லீவைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஜெனிலா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இனி நேற்று நடந்தது. பூசை முடிந்து சாமியார் ஆசீர் கொடுக்கக் கையைத் தூக்கிய நேரம், ஜெனிலா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ரீத்தா அவள் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான், இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உங்களைக் கூப்பிட்டேன். "மாமா, அவளுக்கு எப்பிடி இருக்கு? நான் இப்பமே வாறேன். லீவு குடுத்தாலும் குடுக்காட்டாலும் வாறேன். டிக்கெட்... டிக்கெட் பாக்கணும் மாமா" என்றீர்கள். ஒரு வருஷத்தில் முதல் முறையாக உங்கள் குரலில் மரியாதை இல்லை, பயம் மட்டும் இருந்தது. அந்தக் குரல் மஸ்கட்டில் இருக்கிற என் மகன் லிஜோவின் குரலைப் போலவே இருந்தது. இந்த மாப்பிள்ளை எனக்கும் பிள்ளைதான் என்று அப்போது என் மனதில் பட்டதை இங்கே எழுதிவிடுகிறேன், நேரில் பார்த்தால் சாப்பிட்டியளா என்றுதான் கேட்பேன்.

அதற்குப் பிறகு நான் ஒழுங்கு கமிட்டித் தலைவர் இல்லை மாப்பிள்ளை. கோயில் முற்றத்தில் நின்று, "ஓய் ததேயுஸ்! மாப்பிள்ளைக்கு ஒரு சீட்டு பிடியும்! இன்னைக்கு வண்டிக்கு! ஜன்னல் சீட்டு!" என்று அலறினேன். அவர் மாதா கெபியின் படியில் ஏறி நின்று ஏலக்குரலை எடுத்தார். "கேளுங்கோ! ஜெனிலாவுக்கு வலி வந்துட்டு! மாப்பிள்ள மெட்ராஸ்ல நிக்கான்! டிரைவருக்குப் பொறத்தால உள்ள ஜன்னல் சீட்டு, எறங்கதுக்கு எளுப்பமாக்கும்! ஆருக்குக் கெடச்சாலும் பிடிச்சுக்கோ, பிடிச்சத விட்டிராத!" பூசை முடிந்து வெளியே வந்த கூட்டம் முழுக்க அங்கேதான் நின்றது. டிக்கெட் எடுக்கிற வெப்சைட் என்று அவர்களுக்குத் தெரிந்தது உலகத்திலேயே ஒன்றுதான். அந்த ஒன்றை நானே இரண்டு வாரமாக எல்லார் போனிலும் பதிந்து வைத்திருந்தேன்.

அந்த முற்றத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லாரும் ஒரே பஸ், ஒரே சீட்டு, பயணியின் பெயர் அனிஷ். ஒருவர் பிடித்தால் மற்றவருக்கு 'இந்தச் சீட்டை வேறொருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்' என்று வருகிறது. அந்த வேறொருவர் பக்கத்தில்தான் நிற்கிறார், ஆனால் யார் நின்று பார்க்கிறார்கள்? பின்னால் போவதும் முன்னால் வருவதும், குத்துவதும், இந்த போனில் வரவில்லை என்று அந்த போனில் திறப்பதும். மீன்கார அக்கா ஒருத்தி, "சவத்துப் பட்டன், பிடிச்சு இளுத்தாத்தான் வரும்" என்று பெருவிரலால் போனை நெரித்தாள். கண்ணாடி கொண்டுவராதவர்கள் முன்னால் நிற்கிறவர் கையில் போனைக் கொடுத்து "எனக்கும் சேத்துக் குத்து மக்கா" என்றார்கள். ரசலையன் கடைக்கு ஓடிப்போய் எல்லா கம்ப்யூட்டரிலும் திறந்துவைத்து, நாற்காலி விட்டு நாற்காலி தாவிக்கொண்டிருந்தான். ததேயுஸ் மஸ்கட்டுக்கு போன் போட்டு லிஜோவிடம் சொல்லிவிட்டார். அவன் வேலைக்கு வண்டி ஏறப்போகிற நேரத்தில் தன் அறைக்காரர்களையும், பக்கத்து அறைக்காரர்களையும் எழுப்பி உட்கார்த்தி, அங்கிருந்தும் உங்களுக்கு ஜன்னல் சீட்டு பிடிக்கத் தொடங்கிவிட்டான். ஒரு பட்டனை ஒரு தடவைதான் அமர்த்த வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் எத்தனை தடவை குத்தினான் என்று மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம். என் நகம் ஒன்று பிளந்திருக்கிறது.

திடீரென்று எல்லார் போனும் வெள்ளையாகிவிட்டது. பஸ் இல்லை, சீட்டு இல்லை, ஒன்றும் இல்லை. "வண்டி போயிட்டு" என்றார் ததேயுஸ், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலிலேயே நர்ஸ் சிரித்துக்கொண்டு நின்றாள். "பயப்படாதியும். இது பொய்வலியாக்கும். நெஜ வலிக்கு முன்னால ஒடம்பு ஒரு ஒத்திகை பாத்துக்கிடும்" என்றாள். ஒத்திகை என்ற சொல் காதில் விழுந்ததும்தான் மாப்பிள்ளை, எனக்கு உறைத்தது. எங்கள் பஸ்ஸும் ஒத்திகை பஸ் அல்லவா? எங்கேயும் போகாத பஸ்ஸில் அல்லவா ஊரும் மஸ்கட்டும் சேர்ந்து உங்களுக்குச் சீட்டு பிடித்தது? வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் எனக்கு இரத்த அழுத்தம் பார்த்தாள், ஜெனிலாவுக்குப் பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஆட்டோவில் வலிக்கு நடுவே ஜெனிலாவும் போனை எடுத்து அதே சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். "ஏட்டி, பிள்ளைய பெறப் போறியா, டிக்கெட் எடுக்கப் போறியா?" என்று ரீத்தா போனைப் பிடுங்கி மடியில் செருகியிருக்கிறாள்.

மத்தியானம் நீங்கள் கூப்பிட்டு, "மாமா, என்ன செஞ்சிய?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். சிரிக்கிறீர்களா அழுகிறீர்களா என்று தெரியவில்லை. பொய்வலிதான், பயமில்லை என்று சொல்வதற்குள் இணைப்பு போயிற்று. ஜெனிலா மெசேஜ் அனுப்பினாள், பதில் இல்லை. வெப்சைட் உடைந்தது, டெஸ்ட் நாசமானது, லீவு போனது, உங்கள் வேலைக்கே என்ன ஆயிற்றோ என்று ரீத்தா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. அப்பம் மட்டும் சுட்டு வைத்துவிட்டு, தட்டைத் தள்ளுகிற விதத்திலேயே பேச வேண்டியதை எல்லாம் பேசிவிட்டாள்.

ஆகையால் மாப்பிள்ளை, தவறு முழுவதும் என்னுடையது. ஊரார் மேல் ஒரு குறையும் இல்லை. உங்கள் மேனேஜர் அம்மாவிடம் என் சார்பில் சொல்லுங்கள், அந்தக் குத்து ஒன்றும் கெட்ட எண்ணத்தில் விழுந்ததல்ல, ஒவ்வொன்றும் உங்களுக்காக விழுந்தது. அந்த அம்மா விரும்பினால் நானே சென்னைக்கு வந்து விளக்கம் சொல்லுகிறேன். திரும்ப ஒரு டெஸ்ட் வைப்பதானால், முதல் ஞாயிறு போல ஒரு பிழை இல்லாமல் நடத்திக் காட்டுகிறேன். லீவு கிடைக்காவிட்டால் மனம் விட வேண்டாம். ஜெனிலாவை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இப்போது பயமில்லை என்றுதான் அவளும் சொல்கிறாள். சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கிறாள், அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அருமனையில் உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மழையில் ரப்பர் வெட்டு நின்றுபோயிற்று என்று கேள்விப்பட்டேன், வருத்தம். கைவிட்டுப் போனதையெல்லாம் தேடிக் கொடுக்கிற அந்தோணியாருக்கு உங்கள் வெப்சைட்டின் பேரில் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்லியிருக்கிறேன். அது எழுந்து நடக்கவும், உங்கள் மேனேஜர் அம்மாவின் மனம் இளகவும், நேரத்துக்குச் சாப்பிட்டு நீங்கள் நல்லபடி இருக்கவும் மாதா துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடனும் அன்புடனும்
உங்கள் மாமனார்,
வி. மத்தியாஸ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போன நேரம் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. நம் கரையிலிருந்து சென்னைக்கு மீன் கொண்டுபோகிற பொன்னுலிங்கத்தின் வண்டி. டிரைவருக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரமாக, நீங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, ஆனால் எங்கள் மீனுக்குச் சென்னைக்குப் போகவும் வரவும் எப்போதும் வண்டி இருக்கிறது. நீங்கள் எதிரில் இருக்கும்போதே உங்களுக்கு எழுதுவது கிறுக்குத்தனம்தான். வாயைத் திறந்தால் மரியாதை வந்துவிடும் என்பதால் எழுதியே முடித்துக்கொள்கிறேன்.

மேலே மன்னிப்புக் கேட்ட பகுதி முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாதக்கணக்காக உடையாமல் உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்த இடம் நேற்றுத்தான் உடைந்தது என்றும், அதற்காகத்தான் டெஸ்ட்டே என்றும் இப்போது சொல்கிறீர்கள். பொய் ஆட்கள் ஆளுக்கொரு சீட்டை எடுத்ததால், எல்லாரும் ஒரே சீட்டைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் என்ன ஆகும் என்று மெஷினுக்குத் தெரியாமலே இருந்ததாம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு உடைய வேண்டியது, சரிசெய்ய நாள் இருக்கும்போதே உடைந்துவிட்டது என்று மேனேஜர் அம்மா சந்தோஷப்பட்டார்களாம். அப்போது கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்த அனிஷ்? மஸ்கட்டுலேருந்துகூட இவருக்கே சீட்டு கேக்கறாங்க. எல்லாம் நாகர்கோவிலுக்கு" என்றார்களாம். "நான்தான் மேடம். ஊர்ல மனைவிக்கு வலி வந்திருக்கு" என்றீர்களாம். "அப்ப இன்னும் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டு எழுப்பிவிட்டார்களாம். நீங்கள் இதைச் சொன்னபோது ததேயுஸ் கதவுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று எனக்குத் தெரியாது.

ஆக, உடைந்தாலும் பரவாயில்லை என்று நீங்கள் மனதாரத்தான் சொல்லியிருக்கிறீர்கள். இனி மாப்பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ரீத்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதனால்தான் சற்று முன் நீங்கள் "போதும் மாமி" என்றதும் அவள் அப்பத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீங்கள் தட்டு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இன்னும் இரண்டு வைத்திருக்கலாமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மற்றபடி, லாரி நாற்றம் வீடு முழுக்க வீசுகிறது. நீங்கள் போய்க் குளித்துவிட்டு வர வேண்டும் என்று ஜெனிலா மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்றாம் தடவையாகச் சொல்லிவிட்டாள். ஆனால் உங்கள் கையைப் பிடித்த பிடியை அவள் இன்னும் விடவில்லை.